ஃபார்மட் அடிப்பதற்கு முன்: வீட்டுக் கணினியை நாமே பார்த்துக்கொள்ள எளிய வழிகள்

வீட்டில் கணினி மெதுவாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் உடனே கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சிருங்க, சரியாயிடும்." கடையில் கொடுத்தாலும் பெரும்பாலும் அதையே செய்து தருகிறார்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார்கள், சில வாரங்கள் நன்றாக ஓடும், அப்புறம் மறுபடியும் அதே திணறல். எதனால் மெதுவானது என்று யாருமே பார்க்காததால் அந்தக் காரணம் அப்படியே இருக்கிறது. ஃபார்மட்டில் அழிந்துபோன குடும்பப் படங்கள் மட்டும் திரும்பி வருவதில்லை.

கணினி ஏன் திணறுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. விண்டோஸே அதைத் திரையில் காட்டுகிறது. எந்த இடத்தில் பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரிந்தால் போதும். நம் வீடுகளில் அதிகம் இருக்கும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளை வைத்தே இங்கே சொல்கிறேன். சொல்லப்போகும் கருவிகள் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அவற்றில் சில உங்கள் கணினிக்குள் ஏற்கெனவே இருக்கின்றன.

முதலில் டாஸ்க் மேனேஜர்

கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறிய பெட்டியாகத் தெரிந்தால் கீழே இருக்கும் 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலும், அவற்றுக்கு எதிரே சிபியு, மெமரி, டிஸ்க் என்ற பத்திகளும் தெரியும். மேலே சதவீதக் கணக்கு இருக்கும். கணினி திணறும் நேரத்தில் இதைத் திறந்து, எந்தப் பத்தி 90, 100 என்று நிற்கிறது என்று பாருங்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

சிபியு என்பது கணக்குப் போடும் மூளை. வீடியோ எடிட் செய்யும்போதோ விளையாட்டு ஓடும்போதோ அது 100 வரை போவது இயல்பு. எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் உயரத்திலேயே நின்றால், பத்தியின் தலைப்பைச் சொடுக்குங்கள். அதிகம் எடுக்கும் புரோகிராம் பட்டியலின் மேலே வந்துவிடும்.

மெமரி என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். 'மெமரி ஃபுல்' என்று நாம் பேச்சில் சொல்வது பெரும்பாலும் படங்களும் வீடியோக்களும் நிறைந்து சி டிரைவில் இடம் இல்லாமல் போவதை. டாஸ்க் மேனேஜர் காட்டும் மெமரி அதுவல்ல, அது ரேம். இந்த நிமிடம் திறந்து வைத்திருக்கும் புரோகிராம்கள் தற்காலிகமாகத் தங்கும் இடம். கணினியை அணைத்தால் அதில் இருப்பது போய்விடும். உங்கள் கோப்புகள் நிரந்தரமாக இருப்பது டிஸ்க்கில். ஆகவே ரேம் நிறைந்து கணினி திணறும்போது பழைய படங்களை அழிப்பதால் ஒரு பயனும் இல்லை. டிஸ்க் நிறைந்திருக்கும்போது கூடுதல் ரேம் வாங்கிப் போடுவதும் வீண் செலவு.

4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப்களைத் திறந்து வைத்தால் மெமரி 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். ரேம் போதாமல் போனால் விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்க்குக்கு மாற்றி வைக்கும். டிஸ்க் ரேமைவிட மிக மெதுவானது என்பதால் எல்லாமே இழுக்க ஆரம்பிக்கும். டேப்களைக் குறைப்பது உடனடித் தீர்வு. தினமும் இதே நிலை என்றால் 8 ஜிபி ஆக்குவது நல்ல செலவு. சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. வாங்கும் முன் மாடலைச் சொல்லி விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்டார்ட்அப் பக்கம். விண்டோஸ் 11-இல் இது டாஸ்க் மேனேஜரின் இடதுபுறம் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்று இருக்கும். விண்டோஸ் 10-இல் மேலே ஒரு டேபாக இருக்கும். கணினியை ஆன் செய்ததும் தாமாகவே கிளம்பும் புரோகிராம்கள் இவை. மீட்டிங் செயலிகள், பாட்டுச் செயலிகள், விளையாட்டுக் கடைகள், பிரிண்டரோடு வந்த உதவிப் புரோகிராம்கள் என்று ஒவ்வொன்றும் நம்மைக் கேட்காமலே இங்கே இடம் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பாதிப்பு ஹை, மீடியம், லோ என்று எழுதியிருக்கும். ஹை என்று இருப்பவற்றில் உங்களுக்கு உடனே தேவைப்படாதவற்றின் மேல் ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். புரோகிராம் அழியாது, நீங்கள் கூப்பிடும்போது மட்டும் வரும், அவ்வளவுதான். ஆடியோ, டச்பேட், விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பெயர்களைத் தொட வேண்டாம். பெயரே புரியாதவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இதையே இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 'ஆட்டோரன்ஸ்' என்ற கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவித்தொகுப்பைச் சேர்ந்தது அது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கி, கருவிகளைத் தன் தளத்திலேயே இலவசமாகத் தருகிறது. தாமாகக் கிளம்பும் அத்தனையையும் அது காட்டும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதைப் பார்க்க மட்டும் பயன்படுத்தினால் போதும்.

ஷட் டவுன் பற்றி ஒரு விஷயம். ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுவதுமாக அணைந்து, மறுநாள் புதிதாகத் தொடங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விண்டோஸ் 8-இல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதிக்குப் பிறகு பெரும்பாலான கணினிகளில் அப்படி நடப்பதில்லை. சீக்கிரம் கிளம்புவதற்காக விண்டோஸின் உள்பகுதி தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியுவைச் சொடுக்கினால் 'அப் டைம்' என்று ஒரு கணக்கு இருக்கும். தினமும் அணைக்கிற கணினியிலும் அது பல நாட்களைக் காட்டுவதைப் பார்க்கலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே சவுண்ட் வரவில்லை, வைஃபை பிடிக்கவில்லை, பிரிண்டர் அசையவில்லை என்றால் ஷட் டவுன் செய்து ஆன் செய்வதற்குப் பதில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்கிற பழக்கம் பல சின்னத் தொல்லைகளைத் தானாகவே தீர்த்துவிடும்.

டிஸ்க் 100 என்று நின்றால்

ஐந்தாறு வருடத்துக்கு மேல் பழைய கணினி என்றால், பெரும்பாலும் திணறலின் காரணம் இதுதான். ஆன் செய்து பத்து நிமிடம் வரை டிஸ்க் பத்தி 100 சதவீதத்திலேயே நிற்கும். மவுஸ் நகரும், ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்காது. 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க்குக்குக் கீழே ஹெச்டிடி என்றிருக்கிறதா எஸ்எஸ்டி என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

ஹெச்டிடி எனப்படும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. கிராமஃபோன் முள்ளைப் போல ஒரு கை அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேடிப் படிக்க வேண்டும். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடுகிறது; கையால் அந்த வேகத்துக்கு ஓட முடிவதில்லை. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. எந்தக் கோப்பானாலும் உடனே எடுத்துத் தரும்.

இந்த இடத்தில் என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் வரும் எல்லா இலவசக் கருவிகளும் சேர்ந்து தரும் வேகத்தைவிட, ஹெச்டிடியை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுவது அதிக வேகம் தரும். சில ஆயிரம் ரூபாய் செலவு. அந்தக் கணினியைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்ற 'குளோன்ஸில்லா' போன்ற இலவசக் கருவிகள் உண்டு. ஆனால் அதில் எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு என்று மாற்றிச் சொல்லிவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது "ஃபார்மட் வேண்டாம், குளோன் செய்து கொடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கெல்லாம் முன்பு டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துவிடுங்கள். 'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற ஜப்பானியக் கருவி இதற்கென்றே இருக்கிறது, இலவசம், திறமூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்). டிஸ்க்குகள் தங்கள் நிலையைத் தாங்களே குறித்து வைத்துக்கொள்கின்றன. ஸ்மார்ட் எனப்படும் அந்தக் குறிப்புகளை இது படித்து, நீலத்தில் 'குட்', மஞ்சளில் 'காஷன்', சிவப்பில் 'பேட்' என்று காட்டும். மஞ்சள் வந்தால் கவலைப்படுவதற்கு முன் கோப்புகளை வேறிடத்துக்கு நகல் எடுங்கள். பட்டியலில் 'ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்', 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கின் பரப்பு கெட்டுக்கொண்டு வருகிறது என்று பொருள். அந்த நிலையில் டீஃபிராக் செய்வது, முழு ஸ்கேன் ஓட்டுவது எல்லாம் டிஸ்க்குக்கு மேலும் சுமை. முதலில் நகல், மற்றதெல்லாம் பிறகு.

டீஃபிராக் பற்றியும் பலர் கேட்பதுண்டு. சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் அந்த வேலை ஹெச்டிடிக்கு மட்டுமே உதவும். எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை. விண்டோஸ் இரண்டையும் வேறுபடுத்தித் தெரிந்துகொண்டு, எஸ்எஸ்டிக்கு 'டிரிம்' என்ற வேறு பராமரிப்பை வாரம் ஒருமுறை தானே செய்துகொள்கிறது. இதற்கென்று தனி மென்பொருள் வேண்டாம்.

சி டிரைவில் இடம் இல்லை

சிவப்புக் கோடு வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்க ஆரம்பிப்பது நம் வழக்கம். அதற்கு முன் எது இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். செயலிகள் எவ்வளவு, தற்காலிகக் கோப்புகள் எவ்வளவு என்று அங்கே பிரித்துக் காட்டும். 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதைத் திறந்து குறியிட்டு அழித்துவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம்: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அது குப்பை அல்ல, நீங்கள் இறக்கி வைத்த ஆதார், மார்க் ஷீட், பில்கள் எல்லாம் இருக்கும் ஃபோல்டர். அதில் குறி போட்டுவிடாதீர்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு வரும் 'விண்டோஸ் ஓல்டு' என்ற பெரிய ஃபோல்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். 10 நாட்களில் விண்டோஸே அதை அழித்துவிடும்.

அப்படியும் எங்கே போனது இடம் என்று தெரியவில்லையா? 'வின்டிர்ஸ்டாட்' அல்லது 'விஸ்ட்ரீ' போட்டுப் பாருங்கள். டிஸ்க் முழுவதையும் வண்ணக் கட்டங்களாக வரைந்து காட்டும். பெரிய கட்டம் என்றால் பெரிய கோப்பு. நமக்கே மறந்துபோன கல்யாண வீடியோவின் இரண்டு நகல்கள், போனிலிருந்து எப்போதோ எடுத்த பேக்கப், வாட்ஸாப் வழியாக வந்து குவிந்த காணொளிகள் என்று காரணங்கள் வரிசையாக வெளிப்படும். விஸ்ட்ரீ மிக வேகமானது, சில நொடிகளில் முடித்துவிடும். வின்டிர்ஸ்டாட் திறமூலம், கொஞ்சம் நிதானமானது. எதுவும் சரி.

உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் நீங்களே வைத்தவற்றை மட்டும் அழியுங்கள். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம் டேட்டா என்ற ஃபோல்டர்களுக்குள் எவ்வளவு பெரிய கட்டம் தெரிந்தாலும் கைவைக்க வேண்டாம். அங்கே இருப்பதை எடுக்க வேண்டுமானால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பக்கம் போய் அன்இன்ஸ்டால் செய்வதுதான் முறை.

இடத்தோடு தொடர்புடைய இன்னொரு தொல்லை, வைத்த கோப்பு எங்கே என்று தெரியாமல் தேடுவது. 'எவ்ரிதிங்' என்று ஒரு சிறிய இலவசக் கருவி உண்டு. பெயரின் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டும்போதே டிஸ்க் முழுவதும் தேடிக் காட்டிவிடும். தமிழில் பெயர் வைத்த கோப்புகளையும் கண்டுபிடிக்கும். ஒருமுறை பழகிவிட்டால் விண்டோஸின் சொந்தத் தேடலுக்குத் திரும்ப மனம் வராது.

வேகமாக்கும் மென்பொருள்கள் வேண்டாம்

'பூஸ்டர்', 'கிளீனர்', 'ஆப்டிமைசர்' என்ற பெயர்களில் வரும் மென்பொருள்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: வீட்டுக் கணினிக்கு இவை தேவையில்லை. ஸ்கேன் செய்ததும் ஆயிரக்கணக்கான 'பிழைகள்' இருப்பதாகச் சிவப்பில் காட்டி, சரிசெய்யப் பணம் கேட்கும். அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாத பழைய குறிப்புகள். குறிப்பாக ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்பவை. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் எல்லாப் புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு. அதில் ஒரு தவறான வரியை அழித்தால் கணினி கிளம்பாமலே போகலாம். இத்தகைய கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

பெயர்பெற்ற கருவி என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. சிகிளீனர் உலகம் முழுவதும் பயன்படுத்தப்பட்ட கருவி. 2017 ஆகஸ்டில் வெளியான அதன் 5.33 பதிப்புக்குள் யாரோ தீங்கு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு அது போனது. செப்டம்பரில் கண்டுபிடிக்கப்படுவதற்குள் சுமார் 22.7 லட்சம் கணினிகளில் ஏறியிருந்தது. அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் தேவையில்லாத ஒரு மென்பொருளை வைத்திருப்பதே ஒரு கதவைத் திறந்து வைப்பதுதான் என்று அன்றைக்குப் பலருக்குப் புரிந்தது.

எந்த மென்பொருளையும் அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். தேடும்போது மேலே வரும் முதல் ஒன்றிரண்டு விளம்பரமாக இருக்கலாம். 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் மூன்று நான்கு பச்சை நிற டவுன்லோட் பட்டன்கள் மின்னினால் அந்தத் தளத்தை விட்டே வெளியே வந்துவிடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போகாமல் ஒவ்வொரு திரையையும் படியுங்கள். கூடவே இன்னொரு புரோகிராமைப் போடட்டுமா, பிரவுசரின் தேடலை மாற்றட்டுமா என்று ஒரு டிக் மார்க் காத்திருக்கும். அதை எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

பாதுகாப்பு

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். ஒரு காலத்தில் அது பலவீனமாக இருந்தது உண்மை, இன்று அப்படியில்லை. புது லேப்டாப்பில் வேறொரு ஆன்டிவைரஸ் சில மாதச் சோதனைப் பதிப்பாக வந்திருக்கும். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லித் திரையை மறைத்துக்கொண்டே இருக்கும். பணம் கட்டும் எண்ணம் இல்லையென்றால் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள், டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். சந்தேகம் வரும்போது இரண்டாவது கருத்துக் கேட்க 'மால்வேர்பைட்ஸ்' இலவசப் பதிப்பில் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கலாம். இரண்டு ஆன்டிவைரஸ்களை எப்போதும் ஓட விடாதீர்கள், ஒன்றோடு ஒன்று மோதும்.

எந்தப் பாதுகாப்பையும் உடைப்பது கிராக் மென்பொருள்கள். விலை கொடுக்காமல் விண்டோஸையோ ஆஃபீஸையோ திறக்க உதவும் 'ஆக்டிவேட்டர்' ஒன்றை ஓட்டச் சொல்வார்கள். முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்றும் சொல்வார்கள். பூட்டை நாமே திறந்து கொடுக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. கடிதம், கணக்கு, ஸ்லைடு போன்ற வேலைகளுக்கு லிப்ரே ஆஃபீஸ் முழுக்க முழுக்க இலவசம். 2010-இல் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த திறமூல மென்பொருள் அது. தமிழ் யூனிகோடு அதில் நன்றாக வரும்.

அப்டேட்டுகளை நிறுத்தி வைக்காதீர்கள். டேட்டா செலவாகிறது, வேலை நடுவே ரீஸ்டார்ட் கேட்கிறது என்பதற்காகப் பலர் அணைத்து வைக்கிறார்கள். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற மீட்புத்தொகைக் கேட்கும் நிரல் சுமார் 150 நாடுகளின் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டவர்களின் கணினிகளில் அந்த ஓட்டை இல்லை. வேலை நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்றால் அப்டேட் பக்கத்தில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று உங்கள் வேலை நேரத்தைக் குறித்து வைக்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் கணினி பயன்படுத்தினால் இதை அவசியம் சொல்லி வையுங்கள்: திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று வந்தால் அது மோசடி. எந்த நிறுவனமும் அப்படி எண் கொடுப்பதில்லை. ஆல்ட், எஃப்4 அழுத்தி மூடுங்கள். மூடவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை 'எண்ட் டாஸ்க்' செய்யுங்கள். நம் கணினியை வேறொருவர் தொலைவிலிருந்தே இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற எதையும் தெரியாதவர் சொல்லி இறக்கக் கூடாது. அவை நல்ல கருவிகள்தான், ஆனால் யார் கையில் நம் திரையைக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி. பணம் போய்விட்டால் இந்தியாவில் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

பேக்கப்: தள்ளிப்போடக் கூடாத வேலை

கணினி போனால் வேறு வாங்கலாம். அப்பாவின் குரல் இருக்கும் ஒரே வீடியோவை எங்கே வாங்குவது? ஆகவே இதுவரை சொன்னவற்றில் எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்ற விதி எளிமையானது. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வீட்டுக்கு இதை இப்படிச் செய்யலாம்: கணினியில் ஒன்று, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, மிக முக்கியமானவை மட்டும் கிளவுடில் ஒன்று. கூகுள் 15 ஜிபியும் மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவ் 5 ஜிபியும் இலவசமாகத் தருகின்றன. ஆவணங்களுக்கும் தேர்ந்தெடுத்த படங்களுக்கும் அது போதும். ஆனால் கிளவுடோடு ஃபோல்டரை இணைத்து வைப்பது மட்டுமே பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும், அதற்குள் கவனிக்காவிட்டால் போய்விடும்.

வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்க விண்டோஸிலேயே 'ஃபைல் ஹிஸ்டரி' இருக்கிறது; கன்ட்ரோல் பேனலில் தேடினால் கிடைக்கும். ஒரே கோப்பின் பழைய வடிவங்களையும் அது சேமித்து வைக்கும். எனக்குப் பிடித்தது 'ஃப்ரீஃபைல்சிங்க்'. இடதுபுறம் கணினியின் ஃபோல்டர், வலதுபுறம் வெளி டிஸ்க்கின் ஃபோல்டர் என்று காட்டி 'கம்பேர்' கொடுத்தால், எவை புதியவை, எவை மாறியவை என்று காட்டும். பிறகு சிங்க் கொடுத்தால் அவை மட்டும் போகும். இதில் 'மிரர்' என்ற முறை இடதுபுறம் அழித்ததை வலதுபுறமும் அழித்துவிடும். தொடங்குபவர்கள் 'அப்டேட்' முறையைத் தேர்ந்தெடுங்கள். அது புதியவற்றைச் சேர்க்குமே தவிர எதையும் அழிக்காது.

நகல் முடிந்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் மீட்புத்தொகைக் கேட்கும் நிரல்கள் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இடி மின்னல் நேரத்தில் கரண்டில் வரும் ஏற்ற இறக்கமும் இரண்டையும் ஒன்றாகக் கெடுக்கலாம். அவ்வப்போது அந்த டிஸ்க்கிலிருந்து நான்கைந்து படங்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

தவறுதலாக அழித்துவிட்டால், ரீசைக்கிள் பின்னில் இல்லையென்றால், உடனே அந்த டிஸ்க்கில் எதையும் எழுதுவதை நிறுத்துங்கள். அழித்த கோப்பு உடனே மறைவதில்லை. அதன் இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, மேலே வேறொன்று எழுதப்படும்போதுதான் போகிறது. அப்படி அழிந்ததை மீட்க 'ரெக்குவா' என்ற கருவி எளிது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய 'ஃபோட்டோரெக்' தோற்றத்தில் கரடுமுரடாக இருந்தாலும் கேமரா கார்டு, பென் டிரைவ் படங்களை மீட்பதில் கெட்டிக்காரக் கருவி. மீட்டதை வேறொரு டிரைவில் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் இந்த வழி பெரும்பாலும் பலிக்காது, டிரிம் அந்த இடத்தை உண்மையிலேயே துடைத்துவிடும்.

அன்றாடத்துக்குச் சில

சுருக்கிய கோப்புகளைத் திறக்க 7-ஜிப்; ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் பாவ்லோவ் 1999 முதல் இலவசமாகத் தருவது. எந்த வீடியோவானாலும் ஓட விஎல்சி. பாரிஸ் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சி அது, விளம்பரமே கிடையாது. பிடிஎஃப் படிக்க சுமத்ரா பிடிஎஃப், பழைய கணினியிலும் நொடியில் திறக்கும். கடவுச்சொற்களை டைரியில் எழுதாமல் கீபாஸிலோ பிட்வார்டனிலோ வைக்கலாம். விளம்பரத் தொல்லைக்கு ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேருங்கள். போலி டவுன்லோட் பட்டன்களும் அதிலேயே பெரும்பாலும் மறைந்துவிடும்.

லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். காற்றுத்துளை அடைபட்டுச் சூடானால் சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் 'ஸ்லோ'வுக்கு ஒரு காரணம்.

விண்டோஸ் 11 ஏறாத கணினி

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. கணினி நின்றுவிடவில்லை, புதிய ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வருவதுதான் நின்றது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பது பெரிய தடையில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலான பிராசஸரும் வேண்டும் என்பதில்தான் பல கணினிகள் நின்றுவிடுகின்றன. உங்களுடையது ஏற்குமா என்று மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' சொல்லிவிடும்.

ஏற்காது என்றால் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் இருந்தாலே போதும்; 4 ஜிபி இருந்தால் சௌகரியம். ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸ் பழகியவருக்குப் புரியும் இடத்திலேயே இருக்கும். லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்பாக்ஸ் கூடவே வரும். தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். டேலியில் கணக்கு எழுதுபவர்கள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவர்கள், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தினமும் வேலை செய்பவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். அவர்களுக்கு விண்டோஸ் இன்னும் தேவைப்படும்.

இன்ஸ்டால் செய்யாமலே மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம் என்பது நல்ல வசதி. அதன் கோப்பை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, 'ரூஃபஸ்' என்ற கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழியும், அதனால் காலியானதை எடுங்கள். கணினியை ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஃப்9 (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் அதிலிருந்தே ஓடும், உங்கள் டிஸ்க்கைத் தொடாது. வைஃபை பிடிக்கிறதா, சவுண்ட் வருகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா, வீட்டில் மற்றவர்களுக்குப் புரிகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். டிஸ்க்கில் போட்ட பிறகு வேகம் கூடும். எல்லாம் சரி என்று தோன்றினால், வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்த பிறகு, திரையில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானைச் சொடுக்குங்கள்.